கிட்வேயின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள்

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. பூ உதிர்ந்து கிடக்கும் ஜகரந்தா மரத்தடியில் பதினைந்து ஆசிரியர்கள். இரண்டாவது வரிசையில் அகலக் காலர் சட்டையும் தடிமனான கண்ணாடியுமாக ஒல்லியாக நிற்பவர்தான் பெரியப்பா. கீழே ஆங்கிலத்தில் 'கிட்வே, 1975' என்று மையால் எழுதியிருக்கும். சின்ன வயதில் எங்களுக்குக் கிட்வே என்றால் பெரியப்பா லீவுக்கு வரும்போது கொண்டுவரும் செம்புத் தகட்டு யானைப்படம், அப்புறம் பெரியம்மா சொல்லும் வெள்ளைச் சோளமாவுக் களி. அவ்வளவுதான் அந்த ஊர்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் ஹெட்ஃபோனில் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. ஸ்பீக்கர் கிழிந்துபோனது மாதிரி கரகரவென்று ஒரு கிடார். அதற்கடியில் டிரம்ஸ் நேராக நடக்காமல் சற்றே சாய்ந்து, இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தது. மேலே ஒரு குரல். அது கத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் திண்ணையில் உட்கார்ந்து தன் கவலையைச் சொல்கிற மாதிரி இருந்தது. யார் என்று பார்த்தேன். விட்ச் என்ற குழு. 'லேஸி போன்ஸ்!!' என்ற எல்.பி. இசைத்தட்டு. வருஷம் 1975. ஊர் ஜாம்பியாவின் கிட்வே.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் முதல் வேலையாகப் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, நீங்க இருந்தப்ப கிட்வேல விட்ச்னு ஒரு பாட்டு கோஷ்டி இருந்துச்சாமே?"

"பாட்டு கோஷ்டியா? எனக்குத் தெரியாதும்மா. ஸ்கூல் பசங்க முடிய வளத்துக்கிட்டு, பெல்பாட்டம் போட்டுக்கிட்டு சுத்துவானுங்க. அவனுங்கள கிளாஸ்ல உக்கார வெக்கிறதே பெரும்பாடு. ஏன் கேக்குற?"

1972இலிருந்து 1980 வரை அவர் அந்த ஊரில் இருந்தார். ஜாம்பியாவின் ராக் இசை பிறந்து, உச்சிக்குப் போய், சரிந்ததும் கிட்டத்தட்ட அதே எட்டு வருஷங்களில்தான். அவரிடம் கணக்கு படித்த பையன்களில் யாராவது அந்தத் தட்டை வாங்கியிருப்பான். அவருக்குத் தெரியாமல் போனதில் தப்பே இல்லை. குடும்பத்தைக் கரையேற்ற ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து போன மனிதர் அவர். ஆனால் ஒரு இசை எப்படிக் கண்ணெதிரே கவனிக்கப்படாமல் போகிறது என்பதை அந்த ஒரு பதிலில் புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து இந்த இசையைத் தேடித் தேடிக் கேட்கிறேன். அதைப் பாடியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் தேடுகிறேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது தேடலைப் பற்றியது.

ஜாம்பியா 1964 அக்டோபர் 24 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அப்போது அந்த நாட்டில் பட்டதாரிகள் மொத்தமே நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தால் பாடம் நடத்த ஆள் கிடையாது. அதனால்தான் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அத்தனை ஆசிரியர்கள் அங்கே போனார்கள். ஆள் இல்லையே தவிரப் பணம் இருந்தது. பூமிக்கடியில் செம்பு. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அதிலிருந்துதான் வந்தது. வடக்கே கிட்வே, இந்தோலா, சிங்கோலா, லுவான்ஷியா என்று வரிசையாகச் சுரங்க ஊர்கள். அந்தப் பட்டைக்கே காப்பர்பெல்ட் என்றுதான் பெயர். மாசம் பிறந்தால் கையில் சம்பளம் வாங்கும் இளம் தொழிலாளர்கள், சுரங்கக் கம்பெனி கட்டிவைத்த மன்றங்கள், வீட்டுக்கு வீடு ரேடியோ. ஒரு இசை வேர்பிடிக்க இதைவிட என்ன வேண்டும்?

ரேடியோவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வந்தார், ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள். சோல் இசையின் பெரியவர் ஜேம்ஸ் பிரவுன் 1970இல் ஜாம்பியாவுக்கே நேரில் வந்து பாடினார். இன்னொரு பக்கம் அதிபர் கென்னத் கவுண்டா, வானொலியில் ஒலிக்கும் இசையில் 95 சதவீதம் ஜாம்பியர்களுடையதாக இருக்க வேண்டும் என்று ஆணையே போட்டார். பையன்கள் இரண்டையும் சேர்த்துக் குழைத்தார்கள். கிடாரின் ஒலியைக் காலால் மிதித்து மாற்றும் ஃபஸ் பெடலின் கரகரப்பும் வா-வா பெடலின் முனகலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. தாளம் மட்டும் வீட்டுத் தாளம். மனாசே ஃபிரி என்ற வானொலி அறிவிப்பாளர் இதற்கு ஜாம்ராக் என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இவர்களில் முதன்மையானவர்கள் விட்ச். ஆங்கிலத்தில் சூனியக்காரி என்று பொருள்படும் சொல்தான். ஆனால் அவர்கள் அதை 'அமளி பண்ணுவதே எங்கள் நோக்கம்' என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளாக விரித்துச் சொன்னார்கள். பாடகர் இம்மானுவேல் சாண்டா. வடக்கே கசாமாவில் பிறந்து கிட்வேயில் அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். மேடையில் மிக் ஜாகரைப் போலத் துள்ளியதால் ஜனங்கள் அவரை ஜாகர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதை நம்மூர் மாதிரி ஆக்கிக்கொள்கிறேன் என்று ஜகாரி என்று மாற்றிக்கொண்டார். கிடார் கிறிஸ் 'கிம்ஸ்' எம்பேவே. இன்னொரு கிடார் ஜான் 'மியூசிக்' முமா. பேஸ் கிடார் கிடியன் 'கிடி கிங்' முவாமுலெங்கா. டிரம்ஸ் பாய்டி 'ஸ்டார் மெக்பாய்ட்' சின்கலா. பெயர்களை வேண்டுமென்றேதான் முழுசாக எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

முதல் எல்.பி. 1972இல் வந்தது. உள்ளூரில் தட்டு அச்சடிக்க வசதி இல்லாத காலம். கென்யாவில் அச்சடித்துக் கொண்டுவந்து, கச்சேரி நடக்கும் இடத்தில் தாங்களே கைமேல் விற்றார்கள். விற்பனைக்கு வந்த முதல் ஜாம்பிய ராக் எல்.பி. அதுதான் என்று சொல்வார்கள். அந்தத் தட்டைக் கேட்டால் ஒலிப்பதிவு கூடத்தின் ஏழ்மை அப்படியே காதில் விழும். டிரம்ஸ் தகர டப்பா போலக் கேட்கும். குரல் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வரும். ஆனால் அந்த உற்சாகம்! இருபது வயதுப் பையன்கள், எட்டு வயசு ஆன ஒரு நாடு, இரண்டும் சேர்ந்து எதையும் செய்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. கச்சேரி சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கினால் ராத்திரி இரண்டு வரை போகுமாம். கூட்டத்தை அடக்கப் போலீஸ் வர வேண்டியிருக்கும்.

'லேஸி போன்ஸ்!!' வரும்போது அவர்கள் வேறு ஆட்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இந்தத் தட்டுதான். கிம்ஸின் கிடார் வேகத்தைக் காட்டவில்லை. ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து, அது தானாக அழுகிற வரை விட்டுவைக்கிறது. ஜகாரியின் குரலில் ஏதோ ஒரு களைப்பு வந்திருக்கிறது. அது நடிப்பு என்று தோன்றவில்லை.

களைப்புக்குக் காரணம் இருந்தது. 1974 கடைசியிலும் 1975லும் உலகச் சந்தையில் செம்பு விலை விழுந்தது. ஒரே சரக்கை நம்பிய நாடு, அதோடு சேர்ந்து விழுந்தது. தெற்கே ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சி. எல்லை 1973லேயே மூடியாகிவிட்டது. அந்த நாட்டு விடுதலைப் போராளிகளுக்குக் கவுண்டா இடம் கொடுத்தார். பதிலுக்கு ரொடீஷியப் படை உள்ளே புகுந்து தாக்கியது. விளக்கணைப்பு, ஊரடங்கு என்று இரவு வாழ்க்கையே முடங்கியது. குழுக்கள் கச்சேரியைப் பகலுக்கு மாற்றிக்கொண்டன. அப்புறம் கேசட் வந்தது. ஒருவர் தட்டு வாங்கினால் தெருவே நகல் எடுத்துக்கொள்ளும். டிஸ்கோ வந்தது. 1977இல் ஜகாரி குழுவை விட்டு விலகி, ஆசிரியராவதற்காகத் தலைநகர் லுசாகாவில் கல்லூரியில் சேர்ந்தார்.

பொருளாதாரம் சரிந்தபோதுகூட ஆட்கள் இருந்தார்கள். அடுத்து வந்ததுதான் அவர்களைக் கொண்டுபோயிற்று. எய்ட்ஸ். 1990களின் முடிவில் ஜாம்பியாவில் சராசரி ஆயுள் ஐம்பதுக்கும் கீழே போய்விட்டது. ஜாம்ராக் கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மேலே நான் எழுதிய ஐந்து பெயர்களில் நாலு பேர் இன்று இல்லை. ஜகாரி மட்டும் எஞ்சினார்.

ஒரு இசைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் நாம் பெரும்பாலும் ரசனை மாறியது, கம்பெனி ஏமாற்றியது என்று காரணம் சொல்வோம். இங்கே வாசித்தவர்களையே சாகக் கொடுத்துவிட்டோம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. லுசாகாவில் பிறந்த பிள்ளைகளுக்கே ஜாம்ராக் என்றால் என்னவென்று தெரியாத வருஷங்கள் இருந்தன.

அந்த வருஷங்களில் ஜகாரி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே தோண்டினார். செவ்வந்திக்கல் என்று நாம் சொல்லும் ஊதா நிற அமெதிஸ்ட் எடுக்கும் சுரங்கத்தில். கல் கிடைத்தால் விற்று, அந்தக் காசில் மறுபடியும் ஒரு பாட்டு பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதே நேரத்தில், அவருக்குத் தெரியாமல், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறு சிலர் வேறு விதமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கடைகளின் அட்டைப்பெட்டிகளில், கிடங்குகளில், குனிந்த தலை நிமிராமல் மணிக்கணக்காகத் தட்டுகளைப் புரட்டுகிறவர்கள். அவர்கள் மொழியில் இதற்குத் 'தோண்டுவது' என்றே பெயர். ஹிப்-ஹாப் இசை பழைய தட்டுகளின் துண்டுகளை எடுத்துப் புதுப்பாட்டு கட்டியதிலிருந்து இந்தப் பழக்கம் பெருகியது. ஜாம்ராக் தட்டுகள் அவர்கள் கண்ணில் பட்டதும் விலை ஏறியது. தேயாத ஒரு மூலப் பிரதி ஆயிரம் டாலருக்கு மேல் போனது. அனுமதி இல்லாத பதிப்புகளும் கிளம்பின. இதில் ஒரு காசுகூட ஜகாரிக்கு வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. பழைய தட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் அதில் பாடகருக்குப் பங்கு கிடையாது.

இந்த இடத்தில் இங்கிலாந்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. 1970களில் அங்கே வடக்குப் பகுதியின் ஆலைத் தொழிலாளர்கள் மத்தியில் நார்தர்ன் சோல் என்று ஒரு பித்து இருந்தது. அமெரிக்காவில் 1960களில் வந்து, ஒருவரும் வாங்காமல் போன கறுப்பினத்தவரின் சோல் பாட்டுகளைத் தேடியெடுத்து விடிய விடிய ஆடுவார்கள். 1973இல் திறந்த விகன் கசினோ அதற்குக் கோயில் மாதிரி. அங்கே தட்டு போடுகிறவர்களுக்குள் போட்டி. தன்னிடம் உள்ள பாட்டு இன்னொருவரிடம் இருக்கக்கூடாது. அதனால் தட்டின் நடுவில் இருக்கும் பெயர்ச்சீட்டின் மேல் காகிதம் ஒட்டி, பாடியவர் பெயரை மறைத்துவிட்டு, ஏதோ ஒரு பொய்ப்பெயரைச் சொல்லுவார்கள். ஃபிராங்க் வில்சன் மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்துக்காக 1965இல் பாடிய ஒரு பாட்டு அங்கே 'எட்டி ஃபாஸ்டர்' என்ற பெயரில்தான் ஒலித்தது. வில்சன் பாட்டுக்காரராக இருப்பதைவிடத் தயாரிப்பாளராக இருப்பதைத் தேர்ந்தெடுத்ததால் அந்தத் தட்டு விற்பனைக்கே வரவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள்தான் தப்பின. 2009இல் அவற்றில் ஒன்று 25,742 பவுண்டுக்குப் போனது. 2020இல் ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு. வில்சன் 2012லேயே காலமாகிவிட்டார்.

அந்த ஆட்டக்காரர்கள் மேல் எனக்கு அன்புதான். அவர்கள் இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான பாட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் பாடியவரின் பெயரை மறைத்துவிட்டுப் பாட்டைக் கொண்டாடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அபூர்வமாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை நேசிக்கத் தொடங்கினால், அதைச் செய்தவர் உயிரோடு எங்கோ இருப்பதே மறந்துபோய்விடுகிறது. 'மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டார்' என்ற சொல்லே என்னை உறுத்தும். அவர் காணாமல் போனது யாருக்கு? வீட்டுக்காரிக்கு அவர் இருக்கும் இடம் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியும். கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

அதனால் தட்டைக் கண்டெடுத்த கையோடு ஆளையும் தேடிப் போனவர்கள் மேல்தான் எனக்குப் பெரிய மரியாதை. ஜாம்ராக் விஷயத்தில் அப்படிப் போனவர் ஈகன் என்று அழைக்கப்படும் ஈயோத்தன் அலபாட். நவ்-அகைன் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தை நடத்துகிறவர். முசி-ஓ-துன்யா என்ற இன்னொரு ஜாம்ராக் குழுவை நடத்திய ரிக்கி இலிலோங்கா டென்மார்க்கில் குடியேறியிருந்தார். முசி-ஓ-துன்யா என்றால் இடிமுழங்கும் புகை. விக்டோரியா அருவிக்கு அந்த மண்ணின் பெயர். ஈகன் முதலில் அவரைப் பிடித்தார். அவர் வழியாக ஜகாரியிடம் வந்து சேர்ந்தார். அனுமதி கேட்டு, ஒப்பந்தம் போட்டு, 2012இல் விட்ச் குழுவின் தட்டுகளை மொத்தமாக ஒரே பெட்டியில் வெளியிட்டார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இது பொறுமைசாலிகளின் வேலை. கம்பெனி மூடியிருக்கும், முதலாளி இறந்திருப்பார், காகிதம் இருக்காது. குழுவில் நாலு பேர் இறந்திருந்தால் நாலு குடும்பங்களைத் தேட வேண்டும். மூல நாடா பலவற்றுக்குக் கிடைக்கவே இல்லை. ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் தட்டைத் தேடிப் பிடித்து, ஊசி வைத்து ஓட்டி, கீறல் சத்தத்தை ஒவ்வொன்றாகக் களைந்துதான் புதுப்பதிப்பு செய்ய முடிந்தது. இன்று நம் காதில் விழும் ஜாம்ராக் பாதிக்கு மேல், முகம் தெரியாத யாரோ ஒரு ஜாம்பியர் தன் வீட்டில் பத்திரமாகத் துடைத்து வைத்திருந்த தட்டிலிருந்து வந்தது. அந்த முதல் ரசிகரை யாரும் சேகரிப்பாளர் என்று கூப்பிடுவதில்லை. எனக்கு அவர்தான் முதல் சேகரிப்பாளர்.

பெட்டி வெளிவந்த பிறகு ஜகாரி மேடைக்குத் திரும்பினார். வயசில் தன் பிள்ளைகளைப் போன்ற ஐரோப்பிய வாத்தியக்காரர்கள் இருபுறமும் நிற்க, அறுபது கடந்த மனிதர் அதே துள்ளலோடு பாடும் காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். 2019இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. பழைய குழுவில் பிற்காலத்தில் கீபோர்டு வாசித்த பேட்ரிக் முவோண்டெலாவும் வந்து சேர்ந்துகொண்டார். 2023இல் விட்ச் பெயரில் லுசாகாவில் பதிவான ஒரு புது ஆல்பம் வந்தது. ஏறத்தாழ நாற்பது வருஷ இடைவெளி. சுரங்கத்தில் கல் எடுத்து அவர் சேர்க்க நினைத்தது இதற்காகத்தானே?

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. பால் இங்கோஸி என்று ஒருவர். அந்தப் பெயருக்கு ஆபத்து என்று பொருள். அவர் கிடாரின் கரகரப்பைக் கேட்டால் பொருத்தம் தெரியும். லுசாகாவின் ஏழைக் குடியிருப்புகளைப் பற்றிப் பாடியவர். 1989லேயே இறந்துவிட்டார். அமெரிக்க ராப் கலைஞர் டைலர், த கிரியேட்டர் 2024இல் தன் பாட்டொன்றில் இங்கோஸி குழுவின் 1977ஆம் வருஷப் பாட்டை எடுத்துச் சேர்த்தார். ஒரே வாரத்தில், பால் இங்கோஸி தன் வாழ்நாள் முழுக்கக் கண்டதைவிடப் பெரிய கூட்டம் அந்தக் கிடாரைக் கேட்டிருக்கும். செய்தி படித்த அன்று எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் லேட்.

போனை எடுத்துப் பேசியதால் நடந்த நல்லதற்கு இன்னொரு கதை உண்டு. இது எத்தியோப்பியா. ஹைலு மெர்கியா, அடிஸ் அபாபாவின் வாலியாஸ் குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஹில்டன் ஹோட்டலில் வருஷக்கணக்காக வாசித்தார்கள். ராணுவ ஆட்சியில் அங்கேயும் ஊரடங்குதான். நள்ளிரவுக்குப் பிறகு தெருவில் நடக்க முடியாது. அதனால் உள்ளே வந்த கூட்டத்துக்கு விடியும்வரை வாசிப்பார்கள். கிட்வேயில் ஊரடங்கு இசையைப் பகலுக்குத் தள்ளியது, அடிஸ் அபாபாவில் அதே ஊரடங்கு இசையை விடியல்வரை நீட்டியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். 1981இல் குழு அமெரிக்கா போனது. சிலர் ஊர் திரும்பினார்கள். ஹைலு வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். 1985இல் தனியாக ஒரு கேசட் போட்டார். அக்கார்டியனும் மின் கீபோர்டும் டிரம் மெஷினும் மட்டும், எல்லாம் அவரே வாசித்தது. அப்புறம் வாஷிங்டனின் டலஸ் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டினார்.

2013இல் பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் எத்தியோப்பியாவின் பஹிர் தார் ஊரில் ஒரு கடையில் அந்தக் கேசட்டைக் கண்டெடுத்தார். ஆப்பிரிக்கக் கேசட்டுகளுக்காகவே நிறுவனம் நடத்துகிறவர் அவர். நம்பரைத் தேடி ஹைலுவைக் கூப்பிட்டார். அதே வருஷம் கேசட் தட்டாக வெளிவந்தது. 2018இல் அவருடைய புது ஆல்பம் வந்தது, 2020இல் இன்னொன்று. இத்தனை வருஷமும் அவர் வாசிப்பதை நிறுத்தவே இல்லை என்பதுதான் இதில் விஷயம். டாக்சியின் டிக்கியில் ஒரு சின்ன கீபோர்டு வைத்திருந்தார். விமானப் பயணிகளுக்காக வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அதை எடுத்துப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு சாதகம் செய்வார். யாரும் கேட்கவில்லை என்பதற்காக விரலைத் துருப்பிடிக்க விடவில்லை. கண்டெடுத்தவர் கூப்பிட்டபோது அவர் தயாராகத்தான் இருந்தார்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பாடகர் ரோட்ரிகஸ் கதை பலருக்குத் தெரியும். ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படமே உண்டு. 1970லும் 1971லும் இரண்டு தட்டு போட்டார், அமெரிக்காவில் அவை விலைபோகவில்லை, வீடு இடிக்கும் வேலைக்குப் போனார், அவருக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் அவர் பெரும்புகழ் பெற்றிருந்தார். படம் சொல்லாமல் விட்டது ஒன்று: 1979லும் 1981லும் ஆஸ்திரேலியாவில் அவர் கச்சேரி செய்திருக்கிறார். முழுக்க மறக்கப்பட்டவர் என்றால்தானே கதை நன்றாக இருக்கும்! அந்த விடுபடல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து அவருக்குக் கிடைத்த கைதட்டலை வெட்டியெடுக்க யாருக்கு உரிமை?

நைஜீரியாவின் வில்லியம் ஒன்யேபோர் வேறு மாதிரி. இனூகு நகரில் சொந்த ஒலிப்பதிவு கூடம் வைத்து, 1977க்கும் 1985க்கும் இடையில் எட்டு ஆல்பங்கள் போட்டார். சின்தசைசர் வைத்து அவர் செய்ததை இன்றும் ஆடாமல் கேட்க முடியாது. அப்புறம் கிறிஸ்தவத்தில் ஆழ்ந்து இசையை விட்டுவிட்டார். மாவு மில் நடத்தினார். 2013இல் லுவாகா பாப் நிறுவனம் அவர் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது உலகமே அவரைத் தேடியது. அவர் பழசைப் பற்றிப் பேசவே மறுத்தார். கடவுளைப் பற்றி வேண்டுமானால் பேசலாம் என்றார். 2017இல் காலமானார். எங்கோ ஒரு மூலையில் ஏங்கிக்கொண்டிருந்த மேதையை நாம் போய் மீட்டோம் என்ற கதை அவரிடம் பலிக்கவில்லை. அவருக்கு மீட்பு வேறு இடத்தில் கிடைத்திருந்தது. அந்த மறுப்பையும் மதிக்கிறேன். தட்டைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு, ஆளைக் கேட்பதற்கு இல்லை.

போன பொங்கலுக்குக் கும்பகோணம் போயிருந்தபோது, பையில் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் எடுத்துப் போனேன். மத்தியானம் சாப்பாடு ஆகி, பெரியப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். கூடத்தில் அந்தப் போட்டோவுக்கு நேர் கீழே ஸ்பீக்கரை வைத்து 'லேஸி போன்ஸ்!!' போட்டேன். பெரியப்பா ஒரு கண்ணைத் திறந்து, "இதான் நீ சொன்ன கோஷ்டியா? தேவலையே" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா ஈரக்கையோடு நிலைப்படியில் வந்து நின்றார்.

"இது அந்த மன்றத்துல வாசிப்பாங்களே, அதானே?"

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. "எந்த மன்றம் பெரியம்மா?"

"நம்ம குவார்ட்டர்ஸுக்குப் பின்னால, மைன்ஸ்காரங்க மன்றம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சா இருட்டுற வரைக்கும். இந்தப் பாட்டுதானான்னு தெரியாது. ஆனா இந்தச் சத்தம்தான். அலமாரில எவர்சில்வர் தட்டெல்லாம் கிணுகிணுன்னு அதிரும். உங்க பெரியப்பா இந்தப் பக்கம் தூங்குவாரு. நான் பின்கட்டுல துணி மடிச்சுக்கிட்டே கேப்பேன். அந்த ஊர்ல எனக்குப் பேச்சுத்துணைக்கு யாரு இருந்தா?"

பெரியப்பா இப்போது இரண்டு கண்ணையும் திறந்து அவரைப் பார்த்தார். ஐம்பது வருஷத்தில் இதை அவரும் இப்போதுதான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை பேசவில்லை.

"அந்தப் பிள்ளைங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

நாலு பேர் இறந்துவிட்டதைச் சொன்னேன். எப்படி என்றும் சொன்னேன். பாடினவர் மட்டும் இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டது, இப்போதும் பாடுகிறார் என்றேன்.

"பேரு என்ன?"

"ஜகாரி."

"ஜகாரி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஸ்பீக்கரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "மத்த நாலு பேரும் என்ன பேரு, சொல்லு" என்றார்.